தலை எண்ணிக்கை தப்பினால் நடுக்கடலில் அம்போ! ஸ்கூபா படகுகளில் உயிருக்கு யார் பொறுப்பு?

நடுக்கடலில் கணவன்-மனைவி 2 பேரை விட்டுவிட்டு ஒரு உல்லாசப் படகு கரைக்குத் திரும்பியது. விட்டுவிட்டு வந்த விஷயமே 2 நாள் கழித்துத்தான் படகுக்காரருக்குத் தெரிந்தது. அதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

இது கட்டுக்கதை அல்ல. 1998-ம் ஆண்டு ஆஸ்திரேலியாவில் நடந்த சம்பவம். இதை வைத்து "ஓப்பன் வாட்டர்" என்று ஒரு ஆங்கிலப் படம்கூட பிறகு வந்தது. அதற்குப் பிறகும் இந்த மாதிரி சம்பவங்கள் நின்றபாடில்லை. அமெரிக்கா, இந்தோனேசியா, மலேசியா என்று ஊர் மட்டும் மாறுகிறது. நடக்கிற தப்பு கிட்டத்தட்ட ஒன்றுதான்.

ஸ்கூபா என்பது முதுகில் காற்று சிலிண்டரைக் கட்டிக்கொண்டு கடலுக்குள் இறங்கி மீனையும் பவளப்பாறையையும் பார்த்துவிட்டு வரும் பொழுதுபோக்கு. ஆக்சிஜன் சிலிண்டர் என்று பலர் சொல்வது தப்பு. அதில் இருப்பது நாம் மூச்சு விடும் சாதாரணக் காற்றுதான். அழுத்தி அடைத்திருப்பார்கள். ஒரு தடவை இறங்கினால் முக்கால் மணி நேரம், மிஞ்சினால் 1 மணி நேரம் தாங்கும். பிறகு மேலே வந்துதான் ஆக வேண்டும்.

மேலே வரும்போது படகு இருக்க வேண்டும். இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதுதான் இந்த விவகாரம்.

26 பேர் போனார்கள்

அந்த ஆஸ்திரேலிய சம்பவத்தின் விவரம் வருமாறு:-

குவீன்ஸ்லாந்து மாநிலத்தில் போர்ட் டக்ளஸ் என்று ஒரு துறைமுக ஊர். உலகப் புகழ் பெற்ற பெரிய பவளத்திட்டுக்கு அங்கிருந்து தினமும் படகுகள் போகும். 1998 ஜனவரி 25-ந் தேதி ஞாயிற்றுக்கிழமை ஒரு படகில் 26 பயணிகள் போனார்கள். அதில் ஒரு ஜோடி அமெரிக்கத் தம்பதி. கணவருக்கு வயது 33. மனைவிக்கு 28. பசிபிக் தீவுகளில் தொண்டு வேலை பார்த்து முடித்துவிட்டு, ஊர் திரும்பும் வழியில் சுற்றிப் பார்க்க வந்தவர்கள். இருவருமே முக்குளித்துப் பழகியவர்கள்தான். கத்துக்குட்டிகள் அல்ல.

கரையில் இருந்து சுமார் 60 கிலோமீட்டர் தூரத்தில் பவளப்பாறை ஓரம் படகு நின்றது. பிற்பகலில் கடைசி முறையாக எல்லாரும் இறங்கினார்கள். முடிந்ததும் ஒவ்வொருவராகப் படகில் ஏறினார்கள். படகு ஊழியர் தலையை எண்ணினார். 26 என்று கணக்கு வந்தது. படகு புறப்பட்டுவிட்டது.

ஆனால் படகில் இருந்தது 24 பேர்!

இது எப்படி? எண்ணிக்கொண்டு இருக்கும்போதே பயணிகளில் 2 பேர் மறுபடி தண்ணீரில் குதித்ததாகவும், அவர்களையும் சேர்த்துக் கூட்டியதில் குழப்பம் வந்ததாகவும் படகுக்காரர் தரப்பில் சொல்லப்பட்டது. 24-ம் 2-ம் 26. கூட்டலில் தப்பு இல்லை. ஏற்கனவே எண்ணிய தலையைத்தான் திரும்ப எண்ணியிருக்கிறார்கள்.

படகு கரைக்கு வந்தது. எல்லாரும் இறங்கிப் போனார்கள். தம்பதியின் பை மட்டும் படகிலேயே கிடந்தது. யாரோ மறந்துவிட்டார்கள், வந்து வாங்கிக்கொள்வார்கள் என்று இருந்துவிட்டார்கள். மறுநாள் 26-ந் தேதி வேறு பயணிகளோடு படகு வழக்கம்போல் கடலுக்குப் போனது. 27-ந் தேதிதான் அந்தப் பையைத் திறந்து பார்த்தார்கள். உள்ளே பர்சும் பாஸ்போர்ட்டும் இருந்தன. அப்புறம்தான் அலறி அடித்துக்கொண்டு போலீசுக்குத் தகவல் போனது.

விமானங்களும் கப்பல்களும் நாள்கணக்கில் தேடின. 2 பேரும் கிடைக்கவில்லை. அவர்கள் மாட்டியிருந்த காற்று ஜாக்கெட்டுகள் பிற்பாடு வெகு தூரம் தள்ளிக் கரை ஒதுங்கின. தாகத்தாலும் வெயிலாலும் புத்தி தடுமாறி அவர்களே கழற்றி எறிந்திருக்கலாம் என்று கருதப்பட்டது. உடல்கள் இன்று வரை கிடைக்கவில்லை.

சிலேட்டில் எழுதிய கடைசி சேதி

தண்ணீருக்கு அடியில் பேச முடியாது. அதனால் முக்குளிப்பவர்கள் எழுதிக்காட்ட ஒரு பிளாஸ்டிக் சிலேட்டு வைத்திருப்பார்கள். அப்படி ஒரு சிலேட்டு, பல மாதம் கழித்து, சுமார் 160 கிலோமீட்டருக்கு அப்பால் ஒரு மீனவர் கையில் கிடைத்தது.

தேதி ஜனவரி 26, காலை 8 மணி என்று அதில் குறித்திருந்தது. படகு தங்களைக் கைவிட்டுப் போய்விட்டது, சாவதற்குள் வந்து காப்பாற்றுங்கள் என்று எழுதியிருந்தது.

அதாவது ஒரு ராத்திரி முழுவதும் மிதந்து, விடிந்த பிறகும் 2 பேரும் உயிரோடு இருந்திருக்கிறார்கள். சேதி எழுதும் அளவுக்கு சுயநினைவோடும் இருந்திருக்கிறார்கள். அந்த நேரத்தில் அவர்களைத் தேடி ஒரு தோணிகூடப் புறப்படவில்லை. ஏனென்றால் காணோம் என்றே யாருக்கும் தெரியாது.

படகின் கேப்டன் மீது கவனக்குறைவால் மரணம் விளைவித்ததாக வழக்கு வந்தது. தம்பதி வேண்டுமென்றே நாடகம் ஆடித் தலைமறைவாகி இருக்கலாம், தற்கொலையாக இருக்கலாம் என்றெல்லாம் கதை கிளம்பியது. 1999-ல் ஜூரிகள் கேப்டனை விடுதலை செய்தார்கள். படகு கம்பெனி மட்டும் தன் கவனக்குறைவை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டியது. பிறகு அந்தத் தொழிலே படுத்துவிட்டது.

அதன் பிறகு குவீன்ஸ்லாந்தில் சட்டம் இறுகியது. இறங்கும்போதும் ஏறிய பிறகும் எண்ண வேண்டும், எண்ணியதை எழுதிப் பதிய வேண்டும் என்று விதி. இதற்கென்று 2011-ல் தனிச் சட்டமே போட்டார்கள். ஆனால் வேடிக்கையைப் பாருங்கள். அதே 2011-ல், அதே பவளத்திட்டில், மேலாக நீந்திக்கொண்டிருந்த ஒரு பயணியை விட்டுவிட்டு இன்னொரு படகு கிளம்பிவிட்டது. நல்லவேளை, பக்கத்தில் வேறு படகு நின்றது. நீந்திப் போய்த் தப்பித்தார். அவரும் படகில் இருப்பதாகக் குறிப்பேட்டில் பதிவாகி இருந்தது!

டிக் அடித்ததால் வந்த வினை

எழுதி வைத்தால் மட்டும் போதுமா? போதாது என்பதற்கு அமெரிக்காவில் 2004-ல் நடந்தது ஒரு சாட்சி.

கலிபோர்னியா கரைக்கு அப்பால் கடலில் எண்ணெய் எடுக்கும் இரும்பு மேடைகள் நிற்கும். அதன் தூண்களைச் சுற்றி மீன் கூட்டம் மொய்க்கும். அதைப் பார்க்க ஏப்ரல் 25-ந் தேதி ஒரு படகு போனது. ஒருவருக்குக் காது அடைத்துக்கொண்டது. கூட்டாளிகளோடு சேர்ந்து இறங்க முடியவில்லை. அவர்கள் விட்ட காற்றுக் குமிழைப் பார்த்துப் பின்னாலேயே போனார். குமிழும் மறைந்தது. மேலே வந்து பார்த்தால் நீரோட்டம் அவரைப் படகில் இருந்து 100 மீட்டருக்கும் மேலே தள்ளிவிட்டிருந்தது. எதிர்த்து நீந்திப் பார்த்தார். முடியவில்லை. விசில் ஊதினார். காற்றுப் பையை ஊதித் தூக்கிக் காட்டினார். ஒருவரும் பார்க்கவில்லை. கடலில் வேறு மூடுபனி.

படகில் பெயர்ப் பட்டியல் இருந்தது. அதில் அவர் பெயருக்கு நேரே, வந்துவிட்டார் என்று டிக் அடித்திருந்தது. யாரோ அடித்துவிட்டார்கள். படகு அடுத்த இடத்துக்குப் போய்விட்டது. அங்கே போன பிறகுதான் ஆளைக் காணோம் என்று தெரிந்தது. கடலோரக் காவல் படைக்குத் தகவல் சொன்னார்கள். தேடல் முதலில் எங்கே நடந்தது தெரியுமா? அந்த 2-வது இடத்தைச் சுற்றி! ஆள் மிதந்துகொண்டிருந்தது முதல் இடத்துக்கு அப்பால்.

அவருக்கு ஆயுசு கெட்டி. சாரண மாணவர்களை ஏற்றிக்கொண்டு ஒரு பாய்மரக் கப்பல் அந்தப் பக்கம் வந்தது. பைனாகுலரில் கடலை நோட்டம் விட்டுக்கொண்டிருந்த ஒரு பையன் கண்ணில் பட்டுவிட்டார். சுமார் 5 மணி நேரம் மிதந்தவரைத் தூக்கிக் காப்பாற்றினார்கள்.

வழக்கு 6 வருஷம் இழுத்து 2010-ல் தீர்ப்பானது. நஷ்ட ஈடு 16 லட்சத்து 80 ஆயிரம் டாலர். ஆனால் ஜூரிகள் முதலில் போட்ட கணக்கு 20 லட்சம். அவர் பக்கமும் கொஞ்சம் தவறு உண்டு என்று சொல்லி மீதியைக் கழித்துவிட்டார்கள்.

இந்தக் கழிவைக் கவனிக்க வேண்டும். பெரும் பங்கு தவறு விட்டுவிட்டுப் போனவர்கள் மேல். ஆனால் தண்ணீரில் கிடந்தவர் மேலும் ஒரு பங்கு உண்டு என்றது அந்தத் தீர்ப்பு.

கையெழுத்துப் போட்டால் எல்லாம் சரியா?

படகு ஏறும் முன் ஒரு தாளை நீட்டுவார்கள். என்ன நடந்தாலும் நானே பொறுப்பு என்று அதில் இருக்கும். முழுசாகப் படிப்பவர் 100-க்கு ஒருவர் இருந்தால் அதிகம். உன் உயிருக்கு நீதான் பொறுப்பு என்பது இந்த விளையாட்டில் பழம் தின்று கொட்டை போட்டவர்கள் எல்லாரும் சொல்லும் பேச்சு. அதில் நியாயம் இல்லாமல் இல்லை. எவ்வளவு ஆழம் போவது, காற்று எவ்வளவு மிச்சம் இருக்கிறது, ஜோடியை விட்டுப் பிரியாமல் இருப்பது, இதெல்லாம் இறங்குகிறவர் கையில்தான் இருக்கிறது.

ஆனால் தலையை எண்ணுவது அவர் கையில் இல்லை. தண்ணீருக்குள் இருக்கிறவர் படகில் எத்தனை பேர் என்று எப்படி எண்ணுவார்? அது முழுக்க முழுக்கப் படகுக்காரர் வேலை. எந்தத் தாளில் கையெழுத்து வாங்கினாலும் அந்த வேலை இன்னொருவர் தலைக்கு மாறாது.

தூத்துக்குடி, ராமநாதபுரம் பக்கம் முத்தும் சங்கும் குளித்த காலத்தில் இதற்கு ஒரு ஏற்பாடு வைத்திருந்தார்கள். இறங்குகிறவருக்கு ஒரு கயிறு. மேலே தோணியில் அதைப் பிடித்துக்கொள்ள ஒரு ஆள். அந்த ஆளுக்கு வேறு வேலையே கிடையாது. கயிறு பிடிக்கிறவர் மச்சானாக இருக்க வேண்டும், தங்கை தாலியை நினைத்தாவது ஜாக்கிரதையாகப் பிடிப்பான் என்று அந்தப் பக்கம் சொல்வார்கள். இன்றைய ஸ்கூபாவில் கயிறு இல்லை. மச்சானும் இல்லை. அந்த இடத்தில் ஒரு பட்டியலும் பென்சிலும்தான் இருக்கின்றன.

நன்றாக நடத்துகிற படகுகளில் எண்ணுவது எப்படி என்றால், பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார்கள். ஆள் முகத்தைப் பார்ப்பார்கள். "அவர் கீழே அறையில் இருக்கிறார்" என்று பக்கத்து ஆள் சொன்னால் ஏற்க மாட்டார்கள். 2 ஊழியர் தனித்தனியே எண்ணி, 2 கணக்கும் ஒத்துப்போனால்தான் என்ஜினை எடுப்பார்கள். சில படகுகளில் பழைய மில் தொழிலாளி மாதிரி நம்பர் டோக்கன். இறங்கும்போது அவரவர் டோக்கனைப் பலகையில் இருந்து எடுத்துக்கொள்ள வேண்டும். ஏறியதும் அவரவரே மாட்ட வேண்டும். ஆணி காலியாக இருந்தால் ஆள் தண்ணீரில் இருக்கிறார் என்று அர்த்தம். இதற்குப் பெரிய செலவு ஒன்றும் கிடையாது.

தேங்காய் மாதிரி ஒரு தலை

சரி, விட்டுவிட்டுப் போய்விட்டார்கள் என்றே வைத்துக்கொள்வோம். பிறகு என்ன?

கடல் மட்டத்தில் ஒரு மனிதத் தலை என்பது மிதக்கும் தேங்காய் மாதிரி. 1 மீட்டர் அலை அடித்தால் கொஞ்ச தூரத்திலேயே கண்ணுக்குத் தெரியாது. மிதக்கிறவருக்குப் படகு நன்றாகத் தெரியும். படகில் இருப்பவருக்கு அவர் தெரிய மாட்டார். அதுதான் கொடுமை.

நீரோட்டம் சும்மா இருக்குமா? ஒரு நாட் வேகம் என்பது மணிக்கு 1.85 கிலோமீட்டர். மெதுவான ஓட்டம்தான். ஆனாலும் 6 மணி நேரத்தில் ஆளை 11 கிலோமீட்டர் தள்ளிவிடும். எந்தத் திசை என்று தெரியாமல் தேடினால், பார்க்க வேண்டிய இடம் 380 சதுர கிலோமீட்டர். சென்னை மாநகராட்சி மொத்தமும் 426 சதுர கிலோமீட்டர்தான். திருவொற்றியூரில் இருந்து சோழிங்கநல்லூர் வரை தண்ணீராக நினைத்துக்கொண்டு, அதில் ஒரு தேங்காயைத் தேடிப் பாருங்கள். 2 நாள் விட்டால் அந்த வட்டம் தமிழ்நாட்டில் 5-ல் 1 பங்கு அளவு ஆகிவிடும்.

அதனால்தான் தன்னைக் காட்டிக்கொடுக்கும் சாமான் ஒவ்வொருவர் இடுப்பிலும் இருக்க வேண்டும் என்பது.

முதல் சாமான், ஆரஞ்சு அல்லது மஞ்சள் நிறத்தில் ஆள் உயரக் காற்றுப் பை. ஊதினால் தண்ணீருக்கு மேலே கம்பம் மாதிரி நிற்கும். சாசேஜ் என்று செல்லப் பெயர். சுருட்டினால் சட்டைப் பையில் அடங்கிவிடும். அடுத்து விசில். இது பக்கத்தில் இருப்பவருக்கு மட்டும்தான். என்ஜின் ஓடினால் விசில் சத்தம் எடுபடாது. சிலிண்டர் காற்றில் அலறும் ஹாரன் ஒன்று உண்டு. அது விசிலைவிட வெகு தூரம் கேட்கும். ஒரு சின்னக் கண்ணாடி. நம் வீட்டுப் பையன்கள் எதிர்வீட்டுச் சுவரில் வெயில் அடித்து விளையாடுவார்களே, அதே வித்தைதான். வெயில் இருந்தால் அந்தப் பளிச்சு பல கிலோமீட்டர் தூரம் தெரியும். ராத்திரிக்கு மின்னி மின்னி எரியும் விளக்கு.

இவை எல்லாவற்றுக்கும் ஒரே குறை. எதிரில் ஒருவர் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டும். கலிபோர்னியாக்காரர் காட்டிய பையை அவருடைய படகு பார்க்கவில்லை. அவர்கள் கணக்கில் அவர் படகுக்குள்ளே உட்கார்ந்திருந்தார். விட்டுவிட்டுப் போன படகுக்கு, தான் விட்டுவிட்டது தெரியாது. தெரியாதவன் எதற்குத் திரும்பிப் பார்ப்பான்?

வானத்தில் இருந்து தேடும் கருவி

ஆகவே, தன் படகை நம்பாமல் ஊரையே கூப்பிடும் கருவிகள் வந்திருக்கின்றன. அவை 2 வகை.

ஒன்று, பக்கத்தில் போகும் எல்லாக் கப்பலுக்கும் சேதி சொல்வது. வெளிநாடு போகும் 300 டன்னுக்கு மேற்பட்ட கப்பல்களில் ஒன்றையொன்று அடையாளம் காட்டும் ரேடியோ கருவி கட்டாயம். முக்குளிப்பவரின் கருவியைத் திறந்து அழுத்தினால், இங்கே ஒரு ஆள் தண்ணீரில் என்று அந்தக் கப்பல்களின் திரையில் புள்ளி விழும். இடத்தையும் காட்டும். 130 மீட்டர் ஆழம் வரை தாங்கும் மாதிரிகூட உண்டு. அவ்வளவு ஆழத்துக்குப் பொழுதுபோக்காக யாரும் போவதில்லை.

மற்றொன்று, 406 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் செயற்கைக் கோளுக்குச் சேதி அனுப்பும் கருவி. அமெரிக்கா, ரஷியா, கனடா, பிரான்சு நாடுகள் பனிப்போர் காலத்திலேயே கைகோர்த்து உண்டாக்கிய ஏற்பாடு இது. 1982-ல் முதன்முதலாக ஆட்களைக் காப்பாற்றியது. இந்தியாவும் இதில் உண்டு. இங்கே வரும் அபாயச் சேதிகள் பெங்களூர் நிலையத்தின் வழியாகப் போகின்றன. பக்கத்தில் கப்பலே இல்லாவிட்டாலும் இது வேலை செய்யும். ஆனால் சாதாரண மாதிரிகள் ஆழத்தைத் தாங்காது. தண்ணீர் புகாத குப்பியில் அடைத்துத்தான் கொண்டுபோக வேண்டும்.

விலை சில நூறு டாலர். தண்ணீருக்குள் படம் பிடிக்க அதைவிடப் பல மடங்கு விலையில் கேமரா வாங்குகிறவர்கள் இதற்கு யோசிப்பார்கள்.

யோசித்தால் என்ன ஆகும் என்பதற்கு வெகு தூரம் போக வேண்டாம். 2022 ஏப்ரல் 6-ந் தேதி மலேசியாவில் மெர்சிங் பக்கம் ஒரு தீவோரம் பயிற்சிக்கு இறங்கிய 4 பேர், முக்கால் மணி நேரத்துக்குள் மேலே வந்து பார்த்தால் படகைக் காணோம். படகோட்டியைப் பிற்பாடு போலீசார் பிடித்து விசாரித்தார்கள். 4 பேரில் பயிற்சி கொடுத்த பெண் மறுநாள் கிடைத்தார். பிரெஞ்சுப் பெண் ஒருவரும் பிரிட்டிஷ்காரர் ஒருவரும் 9-ந் தேதி நள்ளிரவு தாண்டி, 100 கிலோமீட்டருக்கும் அப்பால் மீனவர் கண்ணில் பட்டார்கள். அந்த பிரிட்டிஷ்காரரின் 14 வயது மகனும் கூட இறங்கியவன்தான். அவன் திரும்பவில்லை. அப்பா கண்ணெதிரேயே சோர்ந்து போய்விட்டான்.

காணோம் என்ற தகவல் அன்றைக்கே போய், விமானமும் கப்பலும் தேடிய வழக்கு இது. அப்படியும் 2-வது ஜோடி கிடைக்க இரண்டரை நாள் ஆனது. இடம் காட்டும் கருவி ஒன்று யாராவது ஒருவர் ஜாக்கெட்டில் இருந்திருந்தால் கணக்கு வேறு.

இங்கிருந்து போகிறவர்கள்

இப்போது நம் ஊரில் இருந்தும் ஆசைப்பட்டுப் போகிறார்கள். புதுச்சேரியில் இருக்கிறது. அந்தமானில் இருக்கிறது. லட்சத்தீவில் இருக்கிறது. கர்நாடகத்தில் முருடேஸ்வரம் பக்கம் நேத்ராணி தீவில் இருக்கிறது. முதல் தடவை போகிறவரைப் பயிற்சியாளர் கையைப் பிடித்தே அழைத்துப்போவார். பழகிய பிறகு தனி ஜோடியாக இறங்குகிறவர்கள்தான் கவனிக்க வேண்டும்.

பணம் கட்டும் முன் கேட்க வேண்டியது அதிகம் இல்லை. படகில் ரேடியோ இருக்கிறதா? நாம் இறங்கிய பிறகு படகில் யார் இருப்பார்? எண்ணுவது யார், பெயர் சொல்லியா, தலையை மட்டுமா? ஆளுக்கு ஒரு சாசேஜும் விசிலும் கொடுப்பார்களா? இதைக் கேட்டதும் முகம் சுளிக்கிற கடையாக இருந்தால் அடுத்த கடைக்குப் போகலாம்.

அந்த அமெரிக்கத் தம்பதி அந்த ஊருக்குப் புதுசு. ராத்திரி அவர்கள் அறைக்கு வரவில்லை என்று தேட அங்கே யாரும் இல்லை. ஆகவே போகிறவர்கள், இந்தப் படகு, இந்த இடம், இத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று கரையில் ஒருவரிடம், தங்கும் விடுதி வாட்ச்மேனிடமாவது, எழுதிக் கொடுத்துவிட்டுப் போகலாம். நேரம் தாண்டினால் அவர் சுழற்ற வேண்டிய இந்தியக் கடலோரக் காவல் படையின் அவசர டெலிபோன் நம்பர்: 1554.